மூன்றாவது விரல்

செஞ்சி
மார்ச் 8, சனிக்கிழமை

அன்பு மகள் ஸ்டெல்லாவுக்கு உன் நைனா எழுதுவது. மாதா புண்ணியத்தில் இங்கே நாங்கள் எல்லோரும் எழுந்து நடமாடிக்கொண்டிருக்கிறோம், அங்கே புனேயில் நீயும் மாப்பிள்ளை ஜேம்ஸும் வயிற்றில் இருக்கிற பிள்ளையும் ஒரு குறையும் இல்லாமல் இருக்க வேண்டும் என்று காலையிலும் சாயந்தரமும் வேண்டிக்கொள்கிறேன். தினம் போனில் பேசுகிற காலத்தில் எதற்கு இந்த மனுஷன் தபால்காரருக்கு வேலை வைக்கிறார் என்று நீ நினைப்பாய். போனில் பேசினால் உன் அம்மா ஸ்பீக்கரில் போடு என்பாள், பக்கத்தில் உன் அண்ணி அமுதா இருப்பாள், நான் சொல்ல வேண்டியதை அவர்கள் இரண்டு பேரை வைத்துக்கொண்டு சொல்ல என்னால் ஆகவில்லை. அதுவும் இல்லாமல் நான் கண்டிப்பாக ஏதாவது பேச ஆரம்பித்தால் உனக்கு உடனே சிக்னல் போய்விடும், எனக்குத் தெரியாதா உன்னை. கடிதத்துக்கு சிக்னல் போகாது. முதலில் நீ ஒருமுறை தனியாகப் படி, பிறகு ஜேம்ஸுக்கும் படித்துக் காட்டு.

வீட்டுச் செய்தி சொல்லிவிடுகிறேன். புதன்கிழமை சாம்பல் பூசிக்கொண்டு தவக்காலம் தொடங்கிவிட்டது, உன் அம்மா பாக்கியம் இந்த நாற்பது நாளும் காபியைத் தொடுவதில்லை என்று நேர்ந்துகொண்டாள், காபி இல்லாத தலைவலியும் கோபமும் என் தலையில்தான் விடிகிறது. அவளுக்கு இடது கண் ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது, வலது கண் ஈஸ்டருக்குப் பிறகு செய்யலாம் என்றார்கள். கோட்டைக் குரங்குகள் இந்த வருஷம் நம் தெரு வரைக்கும் வந்துவிட்டன, மாடியில் காயப்போட்ட மல்லாட்டையில் பாதியை உரித்துக் கடலையைத் தின்றுவிட்டு மீதியைக் கொட்டிவிட்டுப் போயின. உன் அண்ணன் பெலிக்ஸ் சென்னையில் அதே கம்பெனி வண்டியைத்தான் ஓட்டுகிறான், சனிக்கிழமை வந்து திங்கட்கிழமை முதல் பஸ்ஸுக்குப் போகிறான். அமுதா வீட்டிலேயே தையல் தைக்கிறாள், நல்ல கை, அவலூர்பேட்டையிலிருந்துகூட ரவிக்கைத் துணி வருகிறது. ஆனால் பேச்சு இல்லை. கேட்டால் பதில் சொல்கிறாள், கேட்காவிட்டால் மெஷின் சத்தம்தான் வீட்டில் கேட்கிறது. ஆடி மாதம் பிள்ளை போனதிலிருந்து இப்படித்தான் இருக்கிறாள்.

இப்போது விஷயத்துக்கு வருகிறேன். போன ஞாயிற்றுக்கிழமை நாங்கள் பூசை முடிந்து வந்ததும் நீ போன் செய்தாய். இந்த ஏழாம் மாதத்தில் உனக்குச் சர்க்கரை இருப்பதாக டாக்டர் சொன்னதையும், வீட்டிலேயே விரலைக் குத்தி தினம் நாலு வேளை பார்த்து நோட்டில் எழுதிக்கொண்டு வரச் சொன்னதையும் சொன்னாய். காலையில் வெறும் வயிற்றில் 95-க்குள் இருக்க வேண்டுமாம், முதலில் 108 வந்தது, இன்னொரு விரலைக் குத்தினேன் 101 வந்தது, மூன்றாவது விரலில் 93 வந்தது, அதை எழுதிட்டேன், எல்லாம் மில்லுல உன்கிட்ட கத்துக்கினதுதான் நைனா என்று சொல்லிச் சிரித்தாய். உன் அம்மாவும் சிரித்தாள். அமுதா எழுந்து உள்ளே போய்விட்டாள். நான் சரிம்மா, உடம்பைப் பார்த்துக்கோ என்று மட்டும் சொல்லி போனை உன் அம்மா கையில் கொடுத்துவிட்டேன். அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஆறு நாளாக எனக்குச் சோறு இறங்கவில்லை, உன் அம்மா தவக்காலம் என்பதால் ஒருசந்தி இருக்கிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறாள்.

நீ மில்லில் பார்த்தது உண்மைதான், இல்லை என்று சொல்லவில்லை. இருபத்தாறு வருஷம் அங்கே நெல்லுக்கு ஈரப்பதம் பார்த்தேன். பள்ளிக்கூடம் விட்டு சாப்பாட்டுத் தூக்கை வாங்கிப்போக நீ வந்து நிற்பாய். மூட்டையைக் கம்பியால் குத்தி ஒரு பிடி நெல் எடுத்து மெஷினில் போட்டால் நம்பர் காட்டும், பதினேழுக்கு மேல் போனால் மூட்டையைத் திருப்பி அனுப்ப வேண்டும். வண்டி பிடித்து மூட்டை ஏற்றிக்கொண்டு வந்தவர் எதிரே கையைக் கட்டிக்கொண்டு நிற்பார், இன்னொரு தபா பாருங்க சாமி என்பார். எனக்கு மனசு கேட்காது. மேலாக வெயில் பட்ட இடத்தில் ஒரு பிடி எடுப்பேன், பதினேழரை வரும். இன்னும் கொஞ்சம் ஓரமாக எடுப்பேன், பதினாறே முக்கால் வரும். அதை எழுதுவேன். யாகப்பன் நல்ல மனுஷன் என்று செஞ்சி சுற்றுவட்டாரத்தில் எனக்குப் பேர் வந்தது அப்படித்தான், அப்போது நெல் கொண்டுவந்த இளையபெருமாள் இப்போதும் ரோட்டில் என்னைப் பார்த்தால் வண்டியை நிறுத்தி ஏற்றிக்கொள்வது அதனால்தான். நெல்லுக்கு அதனால் ஒன்றும் ஆகிவிடவில்லை, மில் களத்தில் இரண்டு நாள் வெயிலில் கிடந்தால் எல்லா மூட்டையும் ஒன்றுபோலக் காய்ந்துவிடும். ஆனால் கை அதற்குப் பழகிவிட்டது ஸ்டெல்லா. கூடுதலாக நம்பர் வந்தால் அது மெஷின் சொல்கிற முதல் பேச்சு, அதோடு முடிந்துபோகவில்லை, இன்னொரு தரம் கேட்கலாம் என்று என் புத்தி பழகிவிட்டது.

அமுதாவுக்கும் உன்னைப்போலவேதான் சர்க்கரை வந்தது, அது உனக்குத் தெரியும். உனக்குத் தெரியாதது இது. பெலிக்ஸ் வாரம் முழுக்க சென்னையில், உன் அம்மாவுக்கு அப்போது இரண்டு கண்ணிலும் புரை, அந்தச் சின்ன நம்பர் தெரியாது, அமுதாவுக்கு ஊசி என்றாலே முகம் வெளுத்துவிடும். அதனால் விரல் குத்துகிற வேலையை நான் எடுத்துக்கொண்டேன், நோட்டும் என் கையெழுத்துதான். முதல் நாள் சாப்பிட்டு இரண்டு மணி நேரம் கழித்துப் பார்த்தபோது 142 வந்தது, 120-க்குள் இருக்கணும் என்று டாக்டரம்மா சொல்லியிருந்தார். அந்தப் பெண் என் முகத்தைப் பார்த்தாள். ஜாஸ்தியா மாமா, இன்சுலின் ஊசி போட்டுடுவாங்களா என்று கேட்டாள். மில்லில் எதிரே கை கட்டி நிற்பவரைப் பார்த்த மாதிரியே எனக்கு இருந்தது. இரும்மா, இன்னொரு விரலில் பார்க்கலாம் என்றேன். ஈரத் துண்டால் துடைத்துவிட்டு, அந்த ஈரம் காய்வதற்குள் குத்தி, விரலைப் பால் கறக்கிற மாதிரி அழுத்திப் பிழிந்தேன், 129 வந்தது. மூன்றாவது விரல், 117. பார்த்தாயா, முதல்ல வந்தது மெஷின் கோளாறு என்று சொல்லி 117 எழுதினேன். அவள் முகத்தில் வந்த சிரிப்பு இருக்கிறதே, அதற்காகத்தான் மறுநாளும் அப்படியே செய்தேன், அதற்கு மறுநாளும் செய்தேன், மூன்று மாதம் செய்தேன். மெஷினில் செருகுகிற ஸ்டிரிப் டப்பா எப்போதும் சீக்கிரம் தீர்ந்துபோகும், இன்னா சார், வீட்ல எல்லாரும் பாத்துக்கிறீங்களா என்று மெடிக்கல் கடைக்காரர்கூடக் கேட்டார். அந்த டப்பாவின் மூடியைச் சில நாள் நான் சரியாக மூடியதுகூட இல்லை.

மாதம் ஒருமுறை ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுப்பார்கள், அங்கே கொஞ்சம் கூடுதலாகத்தான் வந்தது. டாக்டரம்மா என் நோட்டைப் புரட்டுவார். வீட்ல நல்லாத்தானே இருக்குது, பஸ்ல வந்த அலைச்சல், டென்ஷன், அதான் இங்க ஏறுது, ஊசி இப்ப வேணாம், சாப்பாட்டைப் பார்த்துக்கலாம் என்பார். திரும்பி வரும்போது பஸ்ஸில் அமுதா ஜன்னல் பக்கம் உட்கார்ந்து சந்தோஷமாகப் பேசிக்கொண்டே வருவாள், நான் ஏதோ பெரிய காரியம் சாதித்தவன் மாதிரி பக்கத்தில் உட்கார்ந்திருப்பேன். அந்த டாக்டரம்மாவை நான் குறை சொல்ல மாட்டேன். அவர் நோட்டை நம்பினார், நோட்டைப் பொய்யாக்கியது நான்.

ஆடி அமாவாசை அன்று காலையில் அமுதா வந்து, மாமா, நேத்து பொழுதோடயிருந்து புள்ள அசையவே இல்ல என்றாள். அப்போதும் நான் முதலில் எடுத்தது அந்த மெஷினைத்தான், அதை நினைத்தால் என் கையை வெட்டிப் போடலாம் போல இருக்கிறது. பஸ், ஆட்டோ எல்லாம் மேல்மலையனூர் கோயில் கூட்டத்துக்குப் போய்விட்டது, ஞாயிற்றுக்கிழமை என்பதால் வீட்டில் இருந்த பெலிக்ஸ் ரோட்டில் ஓடி ஓடி ஒரு ஆட்டோவைப் பிடித்துக்கொண்டு வந்தான். ஆஸ்பத்திரியில் வயிற்றில் கருவியை வைத்துப் பார்த்துவிட்டு டாக்டரம்மா எங்களை வெளியே வரச் சொன்னார். பிறக்க இன்னும் மூன்று வாரம் இருந்த பிள்ளை. பெற்றெடுத்தபோது நாலு கிலோ இருந்தான், ஆண் பிள்ளை, தலை நிறைய முடி, பெலிக்ஸ் பிறந்தபோது இருந்த அதே நெற்றி. சர்க்கரை கட்டுல இல்லாத மாதிரி இருக்குது, ஆனா நோட்ல எல்லாம் சரியா இருக்குதே, சில நேரம் காரணமே தெரியாம இப்படி ஆயிடுது என்று டாக்டரம்மா என்னிடமும் பெலிக்ஸிடமும் சொன்னார். நான் வாயைத் திறக்கவில்லை. கல்லறைத் தோட்டத்துக்குப் பெட்டியை நான்தான் தூக்கிக்கொண்டு போனேன், அப்போதும் வாயைத் திறக்கவில்லை. ஊராரும் சொந்தக்காரர்களும் வந்து கேட்டபோது கொடி சுற்றிக்கொண்டது என்று சொன்னேன், உனக்கு போனில் சொன்னதும் அதுதான். யாரும் சொல்லிக் கொடுக்கவில்லை, என் வாயில் தானாக வந்தது.

பிறகு ஒரு நாள் வீட்டில் யாரும் இல்லாதபோது அந்த மெஷினை எடுத்துப் பட்டனை அமுக்கிப் பார்த்தேன். பழைய நம்பர் எல்லாம் தேதியோடு அதில் நிற்கிறது ஸ்டெல்லா, எனக்கு அதுவரை தெரியாது. நோட்டில் ஒரு நம்பர் என்றால் மெஷினில் மூன்று நம்பர். 142, 129, 117. 151, 138, 119. 147, 133, 120. இரண்டையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தேன். அதுதான் காரணம் என்று எந்த டாக்டரும் என்னிடம் சொல்லவில்லை, அவர்களுக்கே உறுதியாகத் தெரியாது. ஆனால் ஊசி போட்டிருந்தால் ஒருவேளை என்கிற எண்ணம் இந்த ஏழு மாதமும் என்னை விட்டுப் போகவில்லை, இனியும் போகாது. அந்தப் பிள்ளைக்குக் கிடைத்திருக்க வேண்டிய வைத்தியம் என் பேனாவால் கிடைக்காமல் போனது, அது மட்டும் எனக்கு நிச்சயம்.

நீ போன் செய்த மறுநாள் நம்ம சுகாதார நிலையத்து நர்ஸ் கலைமதியிடம் போய், என் மகள் வெளியூரில் இருக்கிறாள், எப்படிப் பார்க்கணும் என்று ஒழுங்காகக் கேட்டுக்கொண்டு வந்தேன். அமுதாவுக்காக இந்தக் கேள்வியை நான் கேட்கவே இல்லை, மெஷின்தானே, நமக்குத் தெரியாத மெஷினா என்று இருந்துவிட்டேன். அந்த அம்மா சொன்னதை அப்படியே எழுதுகிறேன். கையை சோப்பு போட்டுக் கழுவி, சுத்தமான உலர்ந்த துணியால் ஈரம் போகத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் ரத்தத்தில் தண்ணீர் கலந்து குறைவாகக் காட்டும், பழமோ இனிப்போ தொட்ட கையைக் கழுவாமல் பார்த்தால் ஏகத்துக்கு ஏறிவிடும். கையைக் கொஞ்ச நேரம் தொங்கப்போட்டால் ரத்தம் தானாக வரும், விரல் நுனியின் பக்கவாட்டில் குத்த வேண்டும், அழுத்திப் பிழியக் கூடாது. ஸ்டிரிப்பை எடுத்தவுடனே டப்பாவை இறுக்கி மூடிவிட வேண்டும், தேதி தாண்டிய ஸ்டிரிப்பைத் தொடாதே, அடுப்பு பக்கத்திலோ ஃப்ரிட்ஜிலோ டப்பாவை வைக்காதே. சாப்பிட்ட பிறகு பார்க்கிற நேரத்தை முதல் கவளம் வாயில் வைத்ததிலிருந்து கணக்குப் பண்ணு, கை கழுவியதிலிருந்து இல்லை. நம்பர் சந்தேகமாக இருந்தால் கழுவித் துடைத்து இன்னொரு தரம் பார்க்கலாம், தப்பில்லை, ஆனால் இரண்டையும் எழுத வேண்டும், இரண்டையும் டாக்டரிடம் காட்ட வேண்டும். ஆஸ்பத்திரியில் ரத்தம் எடுக்கிற அன்று அதே நேரத்தில் உன் மெஷினிலும் ஒருமுறை பார்த்தால் மெஷின் எவ்வளவு தூரம் சரி என்று தெரிந்துவிடும். போகும்போது நோட்டோடு மெஷினையும் கொண்டு போ. டாக்டருக்கு வேண்டியது நல்ல நம்பர் இல்லை, உன் நம்பர். எல்லாம் கேட்டுவிட்டு நான் எழுந்தபோது, நல்ல அப்பா நீங்க என்று கலைமதி சொன்னார். வீட்டுக்கு வருகிற வழியெல்லாம் அந்த வார்த்தை என்னைக் குத்திக்கொண்டே வந்தது.

போன வாரம் வராத பெலிக்ஸ் இந்த வாரம் வருகிறான், இன்னும் கொஞ்ச நேரத்தில் வந்துவிடுவான். உனக்கு எழுதிவிட்டு அவர்களுக்குச் சொல்லாமல் இருந்தால் நான் மனுஷனே இல்லை. நாளைக்குச் சொல்லப் போகிறேன். மீதியைச் சொன்ன பிறகு எழுதுகிறேன்.

மார்ச் 10, திங்கட்கிழமை

சொல்லிவிட்டேன். நேற்று பூசை முடிந்து வந்து, உன் அம்மா, பெலிக்ஸ், அமுதா மூன்று பேரையும் உட்கார வைத்து, நோட்டையும் மெஷினையும் எதிரே வைத்துவிட்டுச் சொன்னேன். உன் அம்மா முந்தானையை வாயில் வைத்துக்கொண்டு சத்தமில்லாமல் அழுதாள். பெலிக்ஸ் பட்டனை அமுக்கி அமுக்கி ஒவ்வொரு நம்பராகப் பார்த்தான், கடைசி நம்பர் வரைக்கும் பார்த்தான், இன்னா மனுஷன் நைனா நீ என்று ஒரு வார்த்தை கேட்டுவிட்டுச் சட்டையை மாட்டிக்கொண்டு கிளம்பிப் போய்விட்டான். இன்று காலை போகிறவன் நேற்று மத்தியானமே சென்னைக்குப் போய்விட்டான், சாப்பிடவில்லை. நான் போன் செய்தால் எடுக்கவில்லை. நீ அவனிடம் எனக்காகப் பரிந்து பேசாதே, அவன் கோபம் நியாயம்.

அமுதா அழவில்லை. நோட்டை எடுத்து மடியில் வைத்துக்கொண்டாள். அப்புறம், அப்ப நான் துன்ன மாம்பழம் இல்லியா மாமா என்று கேட்டாள். எனக்கு ஒன்றும் விளங்கவில்லை. எட்டாம் மாதக் கடைசியில் நான் கடைக்குப் போயிருந்த நேரம், பக்கத்து வீட்டில் கொடுத்த நீலம் பழம் ஒன்றை ஆசை தாங்காமல் யாருக்கும் தெரியாமல் தோட்டத்துப் பக்கம் நின்று தின்றாளாம், ஒரே ஒரு பழம். பிரசவ வார்டில் ஆயாம்மா யாரோ, இனிப்பு ஏதாச்சும் துன்னியா என்று கேட்டிருக்கிறார்கள். அந்தப் பழம்தான் பிள்ளையைக் கொன்றது என்று இத்தனை மாதமும் நினைத்துக்கொண்டு இருந்திருக்கிறாள். மாதா மாதம் பாவசங்கீர்த்தனத்தில் சாமியாரிடம் அழுதுகொண்டே சொன்னது இதைத்தானாம். பெலிக்ஸிடம்கூடச் சொல்லவில்லை. கடைசியாக அவள் சொன்னதை எழுத எனக்குக் கை வரவில்லை, ஆனாலும் நீ தெரிந்துகொள்ள வேண்டும் என்று எழுதுகிறேன். என்னைக் காப்பாத்தத்தான் கொடி சுத்திக்கிச்சின்னு நீங்க எல்லார்கிட்டயும் சொல்றீங்கன்னு நெனச்சேன் மாமா, அதுக்காக தெனம் ஜெபத்துல உங்களுக்காக வேண்டிக்கினேன் என்றாள்.

அதற்கு மேல் அங்கே உட்கார என்னால் முடியவில்லை. பிள்ளையைப் பறிகொடுத்தவள் தலையில் பழியையும் ஏற்றி வைத்துவிட்டு, அவள் கையால் வேளாவேளைக்கு வாங்கிச் சாப்பிட்டுக்கொண்டு இருந்திருக்கிறேன். இன்று காலை அவலூர்பேட்டையில் அவள் அம்மா வீட்டுக்குப் போயிருக்கிறாள், கொஞ்ச நாள் இருந்துட்டு வரேன் அத்தை என்று உன் அம்மாவிடம்தான் சொன்னாள். பஸ் ஏற்றிவிட நான் கூடப் போனேன், வேண்டாம் என்று சொல்லவில்லை. பஸ் கிளம்புகிற நேரத்தில் ஜன்னல் வழியாக, ஸ்டெல்லாவுக்கு ஊசி போடணும்னு சொன்னாங்கன்னா பயப்படாம போட்டுக்கச் சொல்லுங்க, நான் சொன்னேன்னு சொல்லுங்க என்றாள். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை, ரோட்டைப் பார்த்துச் சொன்னாள். திரும்பி வருவாளா என்று எனக்குத் தெரியாது. அவளுக்கு நீ போன் செய், அவள் பேசாவிட்டாலும் செய்.

நேற்று சாயந்தரம் நான் உனக்கு போன் செய்து முதலில் வருகிற நம்பரை எழுது என்று மட்டும் சொன்னபோது, ஏன் நைனா குரல் ஒரு மாதிரி இருக்குது என்று கேட்டாய். ஏன் என்பதை எழுதிவிட்டேன். இதுவரைக்கும் எழுதிய நோட்டை எடுத்துக்கொண்டு அடுத்த தேதி வரைக்கும் காத்திருக்காமல் உடனே டாக்டரிடம் போ, இதெல்லாம் நான் பொறுக்கி எழுதியது, உண்மை மெஷினில் இருக்கிறது என்று சொல். அவர் திட்டினால் வாங்கிக்கொள். பாஷை தெரியவில்லை என்று மழுப்பாதே, ஜேம்ஸைக் கூட்டிக்கொண்டு போ. அடுத்த மாதம் பிரசவத்துக்கு நீ இங்கே வருவதா வேண்டாமா என்பதை டாக்டர் சொல்கிறபடி செய், உன் அம்மா அழுவாள் என்று பார்க்காதே. வந்தால் உன் விரலை நீயே குத்திக்கொள், நான் அந்த மெஷினைத் தொட மாட்டேன்.

மாதா உனக்கும் உன் பிள்ளைக்கும் துணை இருக்கட்டும், சுகப்பிரசவம் ஆகி நீங்கள் இரண்டு பேரும் நல்லபடியாக எழுந்து வர வேண்டும், மாப்பிள்ளைக்கும் என் ஆசீர்வாதம். மறக்காதே, இதைப் படித்த மறுநாள் காலையில் கையைக் கழுவித் துடைத்து முதல் விரலில் என்ன வருகிறதோ அதை எழுதி எனக்கும் அனுப்பு. எவ்வளவு பெரிய நம்பராக இருந்தாலும் அனுப்பு, நான் உன்னைச் சமாதானப்படுத்த மாட்டேன்.

பேரனை மண்ணில் வைத்துவிட்டு வந்த உன் நைனா
யாகப்பன்